பறக்காத விமானத்தின் இறக்கை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

நீந்தக் கற்க விரும்புபவன் நீரில் இறங்கியே ஆக வேண்டும். தரையிலே படுத்துக் கை கால்களை அசைத்து நீச்சல் பழகியவர் எவருமிலர். ஆனால் விமானம் ஓட்டும் கலையில் இவ்விதி செல்லாததாகி விட்டது. பெரிய பயணி விமானங்களை ஓட்டும் ஒருவர், ஒரு வகை விமானத்தினின்று வேறொரு வகைக்கு மாறும்போது, அதற்குரிய பயிற்சி முழுவதையும் தரையை விட்டு எழாத ஓர் அறையினுள்ளேயே முடித்துக்கொள்ள இயலும். போதிய அனுபவம் உடையவராயின், அப்புதிய வகை விமானத்தை அவர் முதன்முதலாக உண்மையில் தரையிறக்கும் நாளிலேயே அவருக்குப் பின்னால் பயணிகள் அமர்ந்திருப்பர். பக்கத்தில் மேற்பார்வையிடும் மூத்த விமானி ஒருவர் இருப்பார், அவ்வளவே.

இவ்வறையின் பெயர் 'பிளைட் சிமுலேட்டர்'. பறத்தலைப் பாவனை செய்து காட்டும் பொறி என்று இதனைத் தமிழில் விளக்கலாம். இப்பொறிக்கு இறக்கை கிடையாது. இருந்தும், இறக்கை உள்ள விமானம் போலவே அது எழுகிறது, சாய்கிறது, இறங்குகிறது. அப்படியானால் இல்லாத அந்த இறக்கையின் மீது வீசாத காற்று செலுத்தும் விசையை அது எவ்வாறு அறிகிறது? அவ்வறிவு எதுவரை உண்மையானது? இவ்விரண்டு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானத்தில் ஏறியறியாத என் போன்ற மாணவனுக்கு இதில் என்ன அக்கறை எனச் சிலர் கேட்கக்கூடும். இயற்பியல் ஆய்வகத்தில் நாம் அனைவரும் வரைபடத் தாளில் செய்கின்ற ஒரு சிறு செயலே இங்கு பல நூறு உயிர்களைப் பொறுத்த பிரச்சினையாகி நிற்கிறது. அது எச்செயல் என்பது போகப் போக விளங்கும்.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் வேலை செய்து வந்தார். ஆர்கன் வாத்தியத்திற்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, சாயவும் திரும்பவும் வல்ல ஒரு சிறு விமானக் கூட்டை அவர் 1920-களின் இறுதியில் அமைத்தார். தொடக்கத்தில் இதனை வாங்குவார் அதிகமில்லை. 1934-ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் பலர் அடுத்தடுத்து மாண்டபோதுதான் அரசு விழித்துக்கொண்டது. அவ்வாண்டே லிங்க் பொறிகள் 6 வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பல இலட்சம் பேர் அவற்றில் பயிற்சி பெற்றனர்.

எனினும், லிங்க் பொறிக்கு இறக்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கைப்பிடியை இழுத்தால் துருத்தி ஊதும், கூடு சாயும். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

விமானத்தின் இயக்கத்தைக் காற்றியக்கவியல் சமன்பாடுகளிலிருந்தே கணக்கிட்டுக் காட்டும் ஒரு பொறி வேண்டுமென அமெரிக்கக் கடற்படை 1944-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை அணுகியது. அம்முயற்சி சிமுலேட்டராக முடியவில்லை. அதிலிருந்து பிறந்தது 'வேர்ல்விண்ட்' என்னும் புகழ்பெற்ற கணிப்பொறி. ஓர் இறக்கையின் விசையை நொடிக்கு நொடி கணக்கிடுதல் எத்துணைக் கடினம் என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

இறக்கை செய்யும் பணி

ஓடும் பேருந்தின் சன்னலோரத்தில் கையை நீட்டிப் பார்த்தவர்கள் (நடத்துநர் கண்டிருந்தால் திட்டும் வாங்கியவர்கள்) இறக்கையின் தத்துவத்தை ஓரளவு அறிந்தவர்களே. உள்ளங்கையைக் கிடையாகப் பிடித்து, முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் கை மேலே தள்ளப்படுகிறது. எதிர்வரும் காற்றின் திசைக்கும் இறக்கையின் குறுக்குவெட்டுக் கோட்டிற்கும் இடைப்பட்ட கோணம் தாக்குகோணம் எனப்படும். இறக்கையின் மீது செயல்படும் விசை பின்வருமாறு எழுதப்படுகிறது.

தூக்குவிசை = 1/2 × காற்றின் அடர்த்தி × வேகத்தின் இருபடி × இறக்கைப் பரப்பு × தூக்குக் குணகம்

இதில் முதல் நான்கும் எளிதில் அறியத்தக்கவை. இறக்கையின் வடிவம், தாக்குகோணம் ஆகியவற்றின் செல்வாக்கு முழுவதும் கடைசியாக நிற்கும் தூக்குக் குணகத்தினுள் அடங்கிக் கிடக்கிறது.

எடுத்துக்காட்டாக, பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தைக் கொள்வோம். அதன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 16.2 சதுர மீட்டர். நிறை 1,100 கிலோகிராம் எனக் கொண்டால் எடை ஏறத்தாழ 10,780 நியூட்டன். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அது மட்டமாகப் பறக்கத் தேவையான தூக்குக் குணகம் 0.30 என்று கணக்கிடலாம். வேகத்தைப் பாதியாக, அதாவது நொடிக்கு 30 மீட்டராகக் குறைத்தால், தேவைப்படும் குணகம் 4 மடங்காகி 1.21 ஆகிறது. எனவே வேகம் குறையக் குறைய விமானி மூக்கை உயர்த்தித் தாக்குகோணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

எவ்வளவு தூரம் கூட்டலாம்? தொடக்கத்தில் ஒவ்வொரு பாகைக்கும் தூக்குக் குணகம் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. வரைபடம் நேர்கோடாக அமைகிறது. இத்தகைய சிறு விமான இறக்கையில் 15 பாகை அளவில் கோடு வளைந்து, உச்சியை அடைந்து, கீழே இறங்கி விடுகிறது. இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று, பரப்பினின்று பிரிந்து சுழல்களாகச் சிதறுவதே காரணம். இந்நிலைக்கு 'ஸ்டால்' என்று பெயர். இயந்திரம் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இறக்கையே தன் பணியை உதறுகிறது. இதனின்று மீள ஒரே வழி, மூக்கைத் தாழ்த்தித் தாக்குகோணத்தைக் குறைப்பதாகும். கீழே விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கைக் கீழே தள்ளுதல் மனித இயல்புக்கு மாறானது. ஆகவேதான் பயிற்சி இன்றியமையாததாகிறது.

பட்டியலில் வாழும் இறக்கை

காற்றின் இயக்கத்தை முழுமையாக விவரிப்பவை நேவியர் - ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். ஒரு முழு விமானத்தைச் சுற்றிய காற்றோட்டத்திற்கு இவற்றைக் கணிப்பொறியில் தோராயமாகத் தீர்ப்பதற்கே, ஒரு நிலைக்கு மணிக்கணக்கிலும் சில வேளை நாட்கணக்கிலும் நேரம் செல்லும். சிமுலேட்டருக்கோ ஒரு நொடியின் 60-இல் ஒரு பங்கு போன்ற சிறு இடைவெளிக்குள் விடை வேண்டும். எனவே அது காற்றோட்டத்தைக் கணக்கிடுவதில்லை. மாறாக, முன்பே அளந்து வைத்த பட்டியலைப் புரட்டுகிறது.

விமானம் தயாரிப்போர் மாதிரி உருவங்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தும், பின்னர் உண்மை விமானத்தைச் சோதனையாகப் பறக்கவிட்டும், பல்வேறு தாக்குகோணங்கள், வேகங்கள், மடிப்புத் தகடுகளின் நிலைகள் ஆகியவற்றிற்கு விசைகளையும் திருப்புத்திறன்களையும் அளக்கின்றனர். இவ்வளவுகளே பட்டியல்களாகச் சிமுலேட்டரில் ஏற்றப்படுகின்றன. 4 பாகையில் குணகம் 0.60 என்றும் 6 பாகையில் 0.77 என்றும் ஒரு பட்டியலில் இருப்பதாகக் கொள்வோம். விமானி 5 பாகையில் பறந்தால் பொறி 0.685 என எடுத்துக்கொள்கிறது. நாம் கணித வகுப்பில் படித்த இடைச்செருகல் முறையே இது.

வீட்டுக் கணிப்பொறிகளில் இயங்கும் 'எக்ஸ்-பிளேன்' என்னும் நிரல் வேறொரு வழியைக் கையாள்கிறது. இறக்கையைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் சந்திக்கும் காற்றின் வேகத்தையும் கோணத்தையும் தனித்தனியே கணித்து, விசைகளைக் கூட்டுகிறது. ஓர் இறக்கை மட்டும் ஸ்டாலில் சிக்கி விமானம் ஒருபுறம் சரிவது போன்ற நிகழ்ச்சிகளை இம்முறை இயல்பாகக் காட்டும். ஆயினும் ஒவ்வொரு துண்டின் குணகமும் ஒரு பட்டியலிலிருந்தே பெறப்படுகிறது. ஆக எவ்வழியில் சென்றாலும், அடியில் நிற்பது யாரோ என்றோ அளந்த அளவுதான்.

இம்முறை எவ்வளவு துல்லியமானது? சாதாரணப் பறத்தலைப் பொறுத்தவரை மிகவும் துல்லியமானது என்றே கூற வேண்டும். உயர்தரச் சிமுலேட்டர் ஒவ்வொன்றும் உண்மை விமானத்தின் பதிவுகளோடு ஒப்பிடப்பட்ட பின்னரே அனுமதி பெறுகிறது. ஸ்டால் ஏற்படும் வேகம் உண்மை வேகத்தினின்று 3 நாட்டுக்கு மேல் விலகக் கூடாது. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) தரைக்கு அருகில் வரும்போது இறக்கையின் கீழுள்ள காற்று தரையால் தடுக்கப்பட்டுத் தூக்குவிசை சற்று மிகுவதைக்கூட அது சரியாகக் காட்டியாக வேண்டும். இத்தகைய பொறிகளின் மேல் வைத்த நம்பிக்கையால்தான் அமெரிக்க விமானத் துறை 1980-இல், படிப்படியாகப் பயிற்சி முழுவதையும் சிமுலேட்டரிலேயே நடத்த வழிவகுக்கும் திட்டத்தை வெளியிட்டது. இயந்திரம் தீப்பற்றுதல் போன்ற ஆபத்துகளை விண்ணில் வைத்துப் பழக்குவதைவிட அறையில் வைத்துப் பழக்குவது பல உயிர்களைக் காத்துள்ளது என்பதில் ஐயமில்லை.

கோட்டிற்கு அப்பால்

இடர்ப்பாடு எங்கே தொடங்குகிறது? பட்டியல் முடியும் இடத்தில் தொடங்குகிறது.

மேற்கண்ட கற்பனைப் பட்டியலையே நீட்டிப் பார்ப்போம். பாகைக்கு 0.085 வீதம் ஏறும் அந்நேர்கோடு 14 பாகையில் 1.45-ஐ அடையும். அளவுகள் அங்கே முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதே கோட்டை அளவுகோல் வைத்து நீட்டினால் 20 பாகையில் 1.96 என்று வரும். உண்மை இறக்கையோ அதற்கு முன்பே ஸ்டாலாகி, குணகம் சரிந்து கிடக்கும். தாளில் உள்ள இறக்கை விமானத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, வானில் உள்ள இறக்கை அதைக் கைவிட்டிருக்கும். இவ்வளவு வெளிப்படையாக எவரும் கோட்டை நீட்டுவதில்லை. எனினும், அளவு இல்லாத இடத்தில் ஏதேனும் ஓர் எண்ணை இட்டாக வேண்டிய கட்டாயம் பொறிக்கு உண்டு. இதுவே புறச்செருகல். ஆய்வகத்தில் கடைசிப் புள்ளியைத் தாண்டி நாம் கோட்டை நீட்டும் செயலும் இதுதான்.

ஸ்டாலுக்கு அப்பாலுள்ள அளவுகள் ஏன் கிடைப்பதில்லை? பெரிய பயணி விமானத்தை ஆழ்ந்த ஸ்டாலில் செலுத்திச் சோதிப்பது உயிருக்கு ஆபத்தானது. மேலும் அப்பகுதியின் இயற்பியலே சிக்கலானது. பிரிந்த காற்றோட்டம் நொடிக்கு நொடி மாறும். கோணத்தைக் கூட்டும்போது ஒரு பாதையிலும் குறைக்கும்போது வேறொரு பாதையிலும் குணகம் செல்லும். காந்தவியலில் நாம் படிக்கும் காந்தத் தயக்கத்தை இஃது ஒத்தது. ஒரு முறை இடப்புறம் சாய்ந்த விமானம் மறுமுறை வலப்புறம் சாயலாம். ஒரு கோணத்திற்கு ஓர் எண் என்னும் பட்டியல் முறையே இங்கு தடுமாறுகிறது.

1998-இல் விமானத் தொழில் துறையினர் கூடி வெளியிட்ட பயிற்சிக் கையேடு ஒன்று, சிமுலேட்டரின் அறிவை 3 பகுதிகளாகப் பிரித்துக் காட்டியது. முதற் பகுதி, உண்மை விமானத்தைப் பறக்கவிட்டு உறுதி செய்த பகுதி. இரண்டாவது, காற்றுச் சுரங்கத்தாலும் கணக்கீட்டாலும் அறிந்த பகுதி. மூன்றாவது, வெறும் புறச்செருகலால் நிரப்பிய பகுதி. இம்மூன்றிலும் பொறி ஒரே மாதிரி சீராகத்தான் இயங்கும். எந்தப் பகுதியில் தாம் இருக்கிறோம் என்பதை உள்ளே அமர்ந்திருப்பவர் உணர முடியாது.

மூன்று விபத்துகள் தந்த பாடம்

2001 நவம்பர் 12-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 என்னும் ஏ-300 விமானம், முன்னே சென்ற பெரிய விமானத்தின் இறக்கை முனைகள் விட்டுச் சென்ற சுழற்காற்றில் சிக்கியது. துணை விமானி சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி முழு அளவுக்கு இயக்க, வாலின் செங்குத்துத் தகடு முறிந்து, 265 பேர் மாண்டனர். அந்நிறுவனத்தின் பயிற்சியில், சிமுலேட்டர் விமானம் சுழற்காற்றில் 90 பாகைக்கும் மேல் புரளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அப்புரளல் நிகழும்படி சிறிது நேரம் விமானியின் கட்டுப்பாடுகள் பயனிழக்கச் செய்யப்பட்டன. சுழற்காற்றைப் பற்றி மிகைப்பட்ட அச்சத்தை இப்பயிற்சி விதைத்திருக்கலாம் என விசாரணை வாரியம் கூறியது. சுக்கான் அமைப்போடு இப்பயிற்சியின் கூறுகளும் விபத்திற்குத் துணைக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

2009 பிப்ரவரி 12-ஆம் நாள், பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்க வரும்போது வேகம் குறைந்தது. ஸ்டால் நெருங்குவதைக் கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தது. தலைமை விமானி கைப்பிடியை முன்னே தள்ளுவதற்குப் பதில் தம்பக்கம் இழுத்தார். மூக்கைத் தானே தாழ்த்தும் கருவி வேலை செய்தபோதும் அதனை எதிர்த்து இழுத்தார். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தனர். அக்காலத்துப் பயிற்சி ஸ்டாலின் வாசலோடு நின்றுவிடும். உயரத்தை இழக்காமல் மீள்வதே திறமை எனக் கருதப்பட்டது. மூக்கைத் தாழ்த்தும் அக்கருவியின் செயலைச் சிமுலேட்டரில் பழக வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததால் தானியங்கி விலகிக்கொண்டது. விமானி மூக்கை உயர்த்த, விமானம் ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏறி ஸ்டாலாகியது. வீழும்போது தாக்குகோணம் 40 பாகையைத் தாண்டியது. அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழே சென்றபோது, கோணமானியின் அளவு நம்பத்தக்கதன்று எனக் கொண்டு எச்சரிக்கை ஒலி நின்றுவிட்டது. மூக்கைத் தாழ்த்தி வேகம் சற்று மிகுந்தபோதோ ஒலி மீண்டும் எழுந்தது. சரியானதைச் செய்தால் எச்சரிக்கை, தவறு செய்தால் அமைதி! தானியங்கி விலகியதிலிருந்து கடலில் மோதும்வரை 4 நிமிடங்களும் சில நொடிகளுமே. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அசாதாரண நிலைகளைச் சிமுலேட்டர்கள் மேலும் உண்மையாகக் காட்ட வேண்டுமெனப் பிரெஞ்சு விசாரணைக் குழு 2012-இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் பரிந்துரைத்தது.

முதல் விபத்தில் பொறி தவறானதைக் கற்பித்தது. மற்ற இரண்டில், கற்பித்திருக்க வேண்டிய பகுதிக்குள் விமானிகளை அழைத்துச் செல்லவே இல்லை.

நேர்ந்த திருத்தங்கள்

கோல்கன் விபத்தில் உறவினரை இழந்தோர் விடாது போராடியதன் பயனாக, 2010-இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. முழு ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சியைக் கட்டாயமாக்கும் விதி 2013-இல் வெளிவந்தது. விமான நிறுவனங்கள் 2019 மார்ச்சுக்குள் அதற்கு இணங்க வேண்டியிருந்தது. சிமுலேட்டர்களுக்கான விதிகள் 2016-இல் திருத்தப்பட்டன. அவற்றின்படி, ஸ்டால் பயிற்சிக்குரிய பொறியின் இறக்கை மாதிரி, ஸ்டால் கோணத்திற்கு அப்பால் 10 பாகை வரையேனும் நீள வேண்டும். இறக்கையில் பனி படிவதை வெறும் கூடுதல் எடையாகக் காட்டுவது போதாது. பனியால் காற்றோட்டம் கெட்டுத் தூக்குவிசை குறைவதையும் காட்ட வேண்டும்.

உண்மை விமானத்தில் அளக்க முடியாததை எவ்வாறு பெறுகின்றனர்? நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில், பயணி விமானத்தின் 5.5 விழுக்காடு அளவுடைய மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் பெருங்கோணங்களில் சோதித்தனர். தொலைவிலிருந்து இயக்கிப் பறக்கவிட்டும் சோதித்தனர். அவ்வகை விமானத்தில் உண்மையாகவே ஸ்டாலை அனுபவித்த விமானிகளை அமர்த்தி, பொறி காட்டும் ஸ்டால் மெய்யானதை ஒத்திருக்கிறதா எனவும் கேட்டறிகின்றனர்.

இன்னும் தீராத குறை ஒன்றுண்டு. ஆறு கால்களின் மேல் நிற்கும் அவ்வறை, ஸ்டாலின் அதிர்வைக் குலுக்கிக் காட்டும். ஆனால் நீடித்த முடுக்கத்தைத் தர அதனால் இயலாது, ஏனெனில் கால்களின் நீளம் சில அடிகளோடு முடிந்துவிடும். வயிற்றைப் பிசையும் அவ்வீழ்ச்சியுணர்வு அறைக்குள் வராது.

இத்திருத்தங்களுள் என்னை மிகவும் கவர்ந்தது மற்றொன்று. பயிற்சியின்போது விமானம் பட்டியலின் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே சென்றுவிட்டதா என்பதை ஆசிரியரின் திரையில் பொறி காட்ட வேண்டும். எல்லையைக் கடந்துவிட்டால், "இதற்குமேல் இப்பொறி காட்டுவதை நம்பாதீர்" என்று ஆசிரியர் மாணவருக்குச் சொல்ல முடியும். 447-ஆம் விமானம் வீழ்ந்த 40 பாகை இன்றும் பல பொறிகளின் எல்லைக்கு அப்பால்தான் உள்ளது. ஆனால் விமானியை அவ்விடத்தில் பழக்குவது நோக்கமன்று; அவ்விடத்தை அடையுமுன் மூக்கைத் தாழ்த்தப் பழக்குவதே நோக்கம்.

முடிவுரை

சிமுலேட்டரின் இறக்கை எவ்வளவு உண்மையானது என்ற வினாவிற்கு விடை இதுவே: அளந்த இடத்தில் அது உண்மை விமானத்தின் இறக்கை, அளக்காத இடத்தில் அது ஒரு யூகம். யூகிப்பது குற்றமன்று, அறிவியலில் யூகமின்றி ஓரடியும் முன்செல்ல முடியாது. யூகத்தை அளவு போலக் காட்டுவதே ஆபத்து.

நாம் விமானிகளாவோமோ இல்லையோ, மாதிரிகளை நம்பி வாழும் காலத்தில் பிறந்திருக்கிறோம். மழையையும் வெள்ளத்தையும் நோயின் பரவலையும் கணிப்பொறி மாதிரிகளே முன்கூட்டிச் சொல்கின்றன. நாளை நம்மில் சிலர் அத்தகைய மாதிரிகளை உருவாக்கும் பணியிலும் அமரக்கூடும். ஆகவே, ஆய்வேட்டில் வரைபடம் வரையும்போது, நம் கடைசி அளவுப் புள்ளி வரை அழுத்தமான கோடும், அதற்கு அப்பால் புள்ளிக்கோடும் இடும் வழக்கத்தை வெறும் மதிப்பெண்ணுக்கான சடங்காகக் கருத வேண்டா. அழுத்தமான கோடு எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவர் அறிந்தாக வேண்டும். சில வேளைகளில் அவர் பின்னால் பயணிகள் அமர்ந்திருப்பர்.